கொழும்பு வீட்டில் பூஞ்சணம்: பெயின்ட் வாளியைத் திறப்பதற்கு முன்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை. அங்கே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு நாங்கள் குடிவந்தது ஒரு பெப்ரவரியில். சுவரெல்லாம் புதுப் பெயின்ட், பளிச்சென்று இருந்தது. ஜூன் கடைசியில் படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வந்தன. ஜூலையில் மாமியின் கூறைச்சேலை மடிப்பில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. சுவரைத் துடைத்துப் பெயின்ட் அடித்தேன். ஒக்டோபரில் திரும்பி வந்தது. அடுத்த தடவை வேறு கம்பனி, கூடிய விலை, 'பூஞ்சணம் பிடிக்காது' என்று வாளியிலேயே எழுதியிருந்தது. அதுவும் மறு ஜூனில் பொக்களித்து உரிந்தது. இரண்டு தடவைக்கும் சேர்த்து ஏறக்குறைய 85,000 ரூபா சுவரோடு போனது.

மூன்றாம் தடவைதான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ஏ.சி. குழாய் வெளியே போகும் ஓட்டையைச் சுற்றிப் பூசாமல் விட்டிருந்தார்கள். கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து அடிக்கிற மழை, குழாயோடு வழிந்து சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அதை அடைக்கச் செலவு 14,000 ரூபா.

யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது புதிய தொல்லை. அங்கே வருடத்தில் பல மாதம் வெயிலும் காற்றும் வீட்டைக் காயவைத்துவிடும். இங்கே மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. பக்கத்துக் கட்டடம் கையெட்டும் தூரத்தில் நிற்பதால் காற்றும் குறைவு. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்துதான் காசை விட்டேன். நான் சொல்லும் தொகைகள் 2024, 2025இல் நான் கொடுத்தவை அல்லது என்னிடம் கேட்கப்பட்டவை. உங்களிடம் கூடக் கேட்கலாம், குறையவும் கேட்கலாம்.

1. அது பூஞ்சணம்தானா என்று பாருங்கள்

சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அவசரப்பட வேண்டாம். விரலால் தொட்டுப் பாருங்கள். மொறுமொறுவென்று உதிர்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்தால் அது உப்பு. சீமெந்துக்குள் இருக்கும் உப்பை ஈரம் வெளியே தள்ளியிருக்கிறது. பஞ்சு போல ஒட்டி, கரையாமல் நின்றால் பூஞ்சணம். கறுப்புப் புள்ளி அழுக்கா பூஞ்சணமா என்ற சந்தேகத்துக்கு, தண்ணீர் கலந்த பிளீச்சில் ஒரு சொட்டு வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பூஞ்சணம், அப்படியே கிடந்தால் தூசு அல்லது புகைக்கரி.

உப்பு என்றாலும் நிம்மதி இல்லை. சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்றுதான் அதற்கும் அர்த்தம். அடுத்த படி இரண்டுக்கும் பொது.

ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பி 'எந்த வகை' என்று அறிய வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. கறுப்போ பச்சையோ, செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்.

2. தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

பூஞ்சண வித்துகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்க யாராலும் முடியாது. நம் கையில் இருப்பது தண்ணீர் மட்டும். நனைந்த இடம் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பிடிக்காது. காயாமல் நாட்கணக்கில் நின்றால் எந்தப் பெயின்ட் அடித்தாலும் பிடிக்கும்.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதே பாதிப் பதில். சீலிங்கில் வளையம் வளையமாக மஞ்சள் கறை தெரிந்தால் மேல்வீட்டுப் பாத்ரூம் அல்லது மொட்டைமாடி. நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பட்டையாக இருந்தால், அதுவும் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய தரைவீடாக இருந்தால், அத்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம். பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் இருந்தால் குழாய், அல்லது டைல்ஸ் இடுக்கு. மேற்கு அல்லது தெற்குப் பார்த்த சுவரில், மழைக்கு அடுத்த நாள் கருமையாகத் தெரிந்தால் வெளிவெடிப்பு. அறை மூலையிலும் அலுமாரிக்குப் பின்னாலும் மட்டும், வெளியே மழை இல்லாதபோதும் வந்தால் அது பெரும்பாலும் காற்றில் உள்ள ஈரம்.

சந்தேகம் தீராவிட்டால் செலவில்லாத மூன்று சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது, சமையலறை அலுமினியத் தாள். ஓர் அடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துக் கழற்றுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. எனக்கு உள்பக்கம். இந்தத் தாளை முதல் வருடமே ஒட்டியிருந்தால் 85,000 ரூபா கையில் இருந்திருக்கும்.

இரண்டாவது, தண்ணீர் மீற்றர். இரவு படுக்கும்போது எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் பூட்டிவிட்டு மீற்றர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறப்பதற்கு முன் பாருங்கள். ஓடியிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. மேலே தாங்கி இருந்தால் அது நிரம்பிய பிறகு அதன் வால்வையும் பூட்டிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் தாங்கி நிரம்புவதைக் கசிவென்று நினைத்துவிடுவீர்கள்.

மூன்றாவது, மேல்வீட்டுப் பாத்ரூம் மேல் சந்தேகம் என்றால். இதற்கு மேல்வீட்டாரின் சம்மதம் வேண்டும், ஆகவே ஒரு பைக்கட் முறுக்கோடு போங்கள். வடிகால் வாயை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு, கேக்குக்குப் போடும் நிறத்தைக் கலந்து சில மணிநேரம் விடுங்கள். உங்கள் சீலிங்கில் அந்த நிறம் இறங்கினால் பேச்சுக்கே இடமில்லை. இறங்காவிட்டால் மட்டும் 'கசிவே இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம், சிலாப்புக்குள் சில கசிவுகள் மிக மெதுவாக நகரும்.

3. துடைக்கும் முன் படம் எடுங்கள்

பெண்களுக்கு, என்னைப் போல, கறையைக் கண்டவுடன் துணியை எடுக்கும் கை. பொறுங்கள். துடைத்த சுவரை வைத்து வீட்டுக்காரரிடம் எதையும் நிறுவ முடியாது.

ஒவ்வொரு இடத்தையும் மூன்று படம்: அறை முழுதும் தெரிய ஒன்று, சுவர் தெரிய ஒன்று, அடிமட்டம் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு சிறிய வீடியோ. இவற்றை வட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள், திகதி தானாகவே பதிவாகும். போனில் பேசினால் பேசிய கையோடு, 'இப்போது நாங்கள் பேசியபடி...' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். குரல் பேச்சு நாலு மாதத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பல வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். இங்கே வாடகை வாங்க ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருப்பார். அவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்காகச் செயற்பட எழுத்தில் கொடுத்த அதிகாரம், இருக்கிறதா என்று குடிவரும்போதே கேளுங்கள். அது இல்லாதவர் 'செய்து தாறன்' என்று சொன்னால் அது வாக்கு மட்டும். பழுதுபார்க்கும் செலவுக்கு ஆம் என்று சொல்லக்கூடியவர் யாரோ, செய்தி அவருக்கும் போக வேண்டும்.

ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: வாடகை ஒப்பந்தம், முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டு, குடிவந்த நாள் படங்கள், அனுப்பிய செய்திகளின் அச்சு, மேசன் பாஸ் கொடுத்த மதிப்பீடு, வாங்கிய சாமான்களின் பில். பிள்ளைக்கு இழுப்பு வந்து டொக்டரிடம் போயிருந்தால் அந்தத் துண்டும்.

ஒப்பந்தத்தில் 'பழுதுபார்த்தல்' என்ற பந்தியைத் தேடிப் படியுங்கள். சுவர், கூரை, உள்குழாய் போன்றவை சொந்தக்காரர் பொறுப்பு, பல்ப், குழாய் வாஷர் போன்றவை உங்கள் பொறுப்பு என்றுதான் வழமையாக எழுதுவார்கள். 'உட்புறப் பழுது எல்லாம் குடியிருப்பவருக்கு' என்று ஒற்றை வரியில் இருந்தால் கையெழுத்துக்கு முன் மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். கடையில் அச்சடித்த படிவத்தில் இருவர் கையெழுத்து வைத்ததை நம்பிப் பெரிய முற்பணம் கொடுக்காதீர்கள்.

4. யார் செலவு என்று முடிவாகட்டும்

வீட்டுக்குள்ளே மட்டும் உள்ள கோளாறு என்றால் வீட்டுக்காரரோடு முடியும். வெளிச்சுவர், மொட்டைமாடி, கட்டடத்தின் பிரதான குழாய் என்றால் அது எல்லாருக்கும் பொதுவான பகுதி. பதிவுசெய்த தொடர்மாடியாக இருந்தால் அங்கே ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும், மாதாமாதம் நீங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணம் அதற்குத்தான் போகிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டத்தின் கீழ் பொதுப்பகுதியைப் பராமரிப்பது அவர்கள் கடமை. கடிதத்தைச் சொந்தக்காரர் பெயரில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். குடியிருப்பவரின் கடிதத்தை மேசைக்குக் கீழே போட்டுவிடுவார்கள்.

மேல்வீட்டுக் கசிவில் பேசித் தீராவிட்டால், தொடர்மாடிகளைக் கவனிக்கும் அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடலாம். மாடிகளுக்கிடையிலான தண்ணீர்க் கசிவு அவர்களுக்குப் பழகிய விடயம்தான். ஆனால் கட்டடம் முறைப்படி கூட்டாதனமாகப் பதிவாகாமல் இருந்தால் இந்த வழி உங்களுக்கு அவ்வளவாக உதவாது. அப்படியான கட்டடங்களும் நம் பக்கத்தில் இருக்கின்றன. வீடு எடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

பெரிய பொறி இது: வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை என்று நீங்களே வேலையைச் செய்வித்து வாடகையில் கழிக்காதீர்கள். 'செய்யுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு வரை' என்று எழுத்தில் வாங்கிய பிறகே கழியுங்கள். நான் அனுப்பிய செய்தி எளிமையானது: 'படுக்கையறை மேற்குச் சுவரில் ஜூன் 20 முதல் ஈரம். ஏ.சி. குழாய் ஓட்டை வழியாக மழை இறங்குகிறது. மேசன் பாஸின் மதிப்பீடு 14,000 ரூபா, படம் இணைத்திருக்கிறேன். 10 நாட்களுக்குள் செய்வியுங்கள், அல்லது நான் செய்து ஜூலை வாடகையில் கழிக்கச் சம்மதம் தாருங்கள்.' மூன்றாம் நாள் 'ஓகே' என்று ஒரு சொல் வந்தது. அது போதும். ஒரு வருடமாகப் போனில் அழுததற்கு வராத பதில்.

5. துடைக்கும் நாள்

மூன்றடிக்கு மூன்றடிச் சதுரத்துக்குக் குறைவாக இருந்தால் நீங்களே செய்யலாம். அதைவிடப் பெரிதென்றால், அல்லது கழிவுநீரில் நனைந்த இடம் என்றால் ஆள் பிடியுங்கள். ஆஸ்துமா, பீனிசம் உள்ளவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது. பிள்ளைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வேண்டியவை: என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, இரண்டு வாளி, பழைய துணிகள், பாத்திரம் கழுவும் திரவம், தடித்த குப்பைப் பை. எல்லாமாக எனக்கு 3,500 ரூபாவுக்குள் வந்தது. துணி மாஸ்க் போதாது.

நேரம் முக்கியம். மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள், பின்னேரத்துக்குள் சுவர் காய வேண்டும். அறைக் கதவை மூடி, கதவின் கீழ் ஈரத்துணி வையுங்கள். யன்னலைத் திறவுங்கள். துடைக்கும்போது மின்விசிறி வேண்டாம், வித்துகளை வீடு முழுவதும் ஊதிவிடும். காய்ந்த தும்புத்தடியால் சுவரைத் தேய்க்கவும் வேண்டாம், அதே காரணம்.

முதலில் சுவரை லேசாக நனையுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். துணியை மடித்து மடித்துப் புதுப்பக்கம் காட்டுங்கள், அழுக்கான துணியை அதே வாளியில் திரும்ப முக்கினால் பூஞ்சணத்தைச் சுவர் முழுக்கப் பூசுகிறீர்கள். அடுத்த வாளியில் வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை. பிறகு உலர்ந்த துணி. துணிகளைப் பையில் கட்டி வெளியே போட்ட பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் விடுங்கள்.

பிளீச் பற்றி நம்மவர்களுக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. டைல்ஸ், கண்ணாடி, சிங்க் போன்ற வழுவழுப்பான இடத்தில் அது வேலை செய்யும். ஒரு லீற்றர் தண்ணீருக்குச் சிறு தேநீர்க் கோப்பையில் அரைவாசியே போதும். ஆனால் பூச்சுச் சுவரிலும் மரத்திலும் மேல்நிறத்தை மட்டும் வெளுக்கும். அதிலுள்ள தண்ணீர் உள்ளே இறங்கும், உள்வேர் அப்படியே இருக்கும். பார்க்கச் சுத்தம், ஆறு வாரத்தில் திரும்பக் கறுப்பு. பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடும், அமோனியா சேர்ந்த கண்ணாடி கழுவும் திரவத்தோடும் பிளீச்சைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும், அதுவும் நம் பாத்ரூம்களுக்கு இருப்பது ஒரு சாண் யன்னல்தான்.

பழைய வீடுகளில் இன்னொரு எச்சரிக்கை. கூரையோ சீலிங்கோ அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதில் பிடித்த பாசியைச் சுரண்டவோ உரஞ்சவோ வேண்டாம், உயர் அழுத்தத் தண்ணீரும் அடிக்க வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பூஞ்சணத்தைவிடப் பல மடங்கு கேடு.

புகை அடித்துப் பூஞ்சணத்தைக் கொல்வதாகச் சொல்லும் சேவைக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு அறைக்கு என்னிடம் 45,000 ரூபா கேட்டார்கள். 'மழைத்தண்ணீர் இறங்கும் இடத்தைப் பார்ப்பீர்களா' என்றேன். 'அது எங்கள் வேலை இல்லை' என்றார்கள். அப்படியே அனுப்பிவிட்டேன். சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் மணத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

6. எதை எறிவது, எதை வைப்பது

தும்பு மெத்தையிலும் இலவம்பஞ்சுத் தலையணையிலும் பூஞ்சணம் ஏறிவிட்டால் எறியுங்கள், காசைப் பார்க்க வேண்டாம். ஊதிப்போன சிப்போர்ட் தட்டும், நனைந்த ஜிப்சம் சீலிங்கும் அப்படித்தான். நல்ல மர அலுமாரியைத் துடைத்துக் காயவைத்துக் காப்பாற்றலாம். பருத்தி உடுப்பு என்றால் வெந்நீரில் தோய்த்து நல்ல வெயிலில் போடுங்கள். பட்டுச்சேலையை முதலில் வெளியே எடுத்து நிழலில் காயவைத்து மெல்லிய பிரஷால் தட்டி, பிறகு உலர்சலவைக்குக் கொடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கறை நிலைத்துவிடும். மாமியின் கூறையில் ஒரு மூலை அப்படித்தான் போனது, இன்னும் எனக்குச் சொல்லிக்காட்டுகிறார்.

சான்றிதழ்கள்தான் எனக்குப் பெரிய பயம். பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, காணி உறுதி எல்லாவற்றையும் அலுமாரியின் கீழ்த்தட்டில், சுவரை ஒட்டி வைத்திருந்தோம். பூஞ்சணம் பட்ட தாளைத் தேய்க்காதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே முழுக்கக் காயவிட்டு, அப்புறம் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பைக்கட்டோடு போடுங்கள். ஈரம் காயுமுன் உறையில் போடுவதும் லமினேட் செய்வதும் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பது போல. பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் கேட்கலாம். காணி உறுதியின் மூலப்பிரதி போனால் அலைச்சல் அதிகம், ஆகவே அதை முதலில் பாருங்கள்.

7. பழுது, காயவிடுதல், பெயின்ட்

கொழும்பில் வெளிச்சுவர் வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. மார்ச் நடுவிலிருந்து பின்னேர இடிமழை தொடங்கிவிடும். அதைத் தவறவிட்டால் ஓகஸ்ட்டில் சில வாரம் மழை சற்றே விலகும், அந்த இடைவெளியைப் பிடிக்கலாம். மே மாதத்தில் மொட்டைமாடியில் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரச் சிலாப்பில் அடித்த பூச்சு தாள் போல உரியும்.

என் 14,000 ரூபாக் கணக்கு: மேசன் பாஸுக்கு ஒரு நாள் 5,000, உதவியாளுக்கு 3,500, மீதி சீலன்ட், சீமெந்து, வெளிப்பூச்சு. சாமான்களை நானே பழைய சோனகத் தெருவில் வாங்கினேன். ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக உள்ள தெரு, வெள்ளவத்தையில் கேட்ட விலையைவிடக் குறைவாகக் கிடைத்தது. கடைப் பையனிடம் 'பூஞ்சணம்' என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், சிங்களத்தில் 'புஸ்' என்றால் சட்டென்று புரியும். பாஸுக்கு முழுப்பணமும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு முதலில், கடைசிப் பங்கு ஒரு நல்ல மழை பெய்து சுவர் காய்ந்து நின்ற பிறகு. இதை வேலைக்கு முன்பே பேசிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை.

அடைத்த பிறகு நீங்கள் செய்யவேண்டியது கடினமான காரியம்: சும்மா இருப்பது. புதிதாகச் சீமெந்து பூசிய சுவரை மூன்று நான்கு வாரம் காயவிடுங்கள். பாஸ் 'நாளைக்கே அடிக்கலாம் அக்கா' என்பார், அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. அலுமினியத் தாளைத் திரும்ப ஒட்டிப் பாருங்கள். இரண்டு நாளில் உள்பக்கம் காய்ந்திருந்தால்தான் பெயின்ட்.

உரிந்த பழைய பெயின்டைச் சுரண்டும்போது சுவரை நனைத்துக்கொண்டே சுரண்டி எடுங்கள். பூஞ்சணக்கொல்லித் திரவம் பெயின்ட் கடைகளில் கிடைக்கும், போத்தலில் எழுதிய நேரம் வரை ஊறவிட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் பிரைமர், பிறகு இரண்டு தடவை பெயின்ட். ஒரு சுவருக்கு எனக்கு 11,000 ரூபா அளவில் முடிந்தது. உள்பக்கத்தில் 'தண்ணீர் புகாத' பெயின்ட் அடித்தால் சரி என்று சொல்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது உள்ளே அடைத்தால் அது பக்கத்துச் சுவருக்கு நடக்கும். என் இரண்டாவது தோல்வி அதுதான்.

8. அறைக் காற்றைக் கவனியுங்கள்

ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள், ஆயிரத்து ஐந்நூறு ரூபா அளவில் சின்ன டிஜிட்டல் ஒன்று கிடைக்கும். 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள். ஏ.சி. இல்லாத கொழும்பு வீட்டில் அது பகற்கனவு. 70க்குள் பெரும்பாலான நேரம் நின்றால் எனக்குப் போதும். சுவரின் மேற்பரப்பில் 80க்கு மேல் நாட்கணக்கில் நிற்பதுதான் ஆபத்து.

மானி எனக்குச் சொல்லித்தந்த ஒரு பாடம்: விடியற்காலையில் யன்னலைத் திறப்பது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் இங்கே அந்த நேரத்தில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும். முற்பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை திறவுங்கள், எதிரெதிர் யன்னல்களாக. நுளம்புக்குப் பயந்து பின்னேரமே எல்லாவற்றையும் பூட்டுகிற வீடு என்றால், குறைந்தது இரண்டு யன்னலுக்காவது வலை அடித்து வையுங்கள்.

புட்டும் இடியப்பமும் அவிக்கும்போது சமையலறைக் கதவை மூடி, புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். படுக்கையறையில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடாதீர்கள். ஒரு வாளி ஈரத்துணியில் உள்ள தண்ணீர் முழுவதும் அந்த அறைக் காற்றுக்குத்தான் போகிறது. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள், வெளிச்சுவரில் சாத்தவே வேண்டாம்.

ஏ.சி.யை 18இல் வைத்து அறையைக் குளிரவிட்டு, நிறுத்தியதும் யன்னலைத் திறந்தால் குளிர்ந்த சுவரில் ஈரக்காற்றுப் பட்டு வியர்க்கும். 25, 26இல் நீண்ட நேரம் ஓடுவது நல்லது. மழை நாளில் ரிமோட்டில் தண்ணீர்த் துளிப் படம் உள்ள உலர் முறையைப் போடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ், எனக்கு 4,500 ரூபா. வடிகுழாயை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள், பலர் முன்வலையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஈரமகற்றி இயந்திரம் வாங்குவதா? என்னிடம் சொன்ன விலைகள் 60,000 ரூபாவிலிருந்து மேலே போயின. 250 வாட் இயந்திரம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட், மாதம் 60 யூனிட். நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, ஏற்கெனவே ஏ.சி. ஓடும் வீட்டில் இந்த 60 சேர்ந்து 180ஐத் தாண்டினால் கடைசிப் படியில் நிற்பீர்கள். ஓட்டையை அடைத்த பிறகும் மானி இறங்காவிட்டால் மட்டும் வாங்குங்கள். அதன் தொட்டியைத் தினமும் ஊற்றிக் காலியாக்குங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு வளரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் அபராதம் வரை போகலாம். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டுக்கும் இதே விதி.

9. இன்னும் வீடு எடுக்காதவர்களுக்கு

முடிந்தால் ஜூனிலோ நவம்பரிலோ வீடு பாருங்கள், மழை பெய்த மறுநாள். பெப்ரவரியில் எல்லா வீடும் நல்ல வீடுதான். உள்ளே போனதும் கட்டப்பட்ட அலுமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மணந்து பாருங்கள், தரகர் சிரித்தால் சிரிக்கட்டும். மற்றச் சுவர்கள் பழசாக இருக்க ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஏ.சி. குழாய் போகும் ஓட்டையில் விரலை விட்டுப் பாருங்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே டோர்ச் அடியுங்கள்.

முற்பணம் கொடுக்கும் நாளில் வீடு முழுவதையும் வீடியோ எடுத்து, ஒப்பந்தத்தோடு ஒரு பக்கம் இணைத்து, எந்தச் சுவரில் என்ன கறை இருக்கிறது என்று எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். வெளியேறும்போது 'நீங்கள்தான் பழுதாக்கினீர்கள்' என்று முற்பணத்தில் கைவைப்பார்கள், அப்போது இந்த ஒரு தாள் பேசும்.

கீழே இறங்கும்போது காவலாளியிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: 'முந்தி இருந்தவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள்?' எங்கள் வீட்டில் முந்தி இருந்தவர்கள் பதினொரு மாதம் இருந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இருந்தவர்கள் ஒன்பது. கேட்டிருந்தால் அவர் அன்றே சொல்லியிருப்பார்.